செவுள் முன்பக்கம் வளைந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகன் ஆசைப்பட்டான் என்று, ‘நடக்கும் மீன்’ என்று சொல்லி விற்ற ஆக்சலாட்டல் ஒன்றை வாங்கினோம். இப்போது இரை எடுக்க மாட்டேன் என்கிறது. இறகு மாதிரியான செவுள் முன்பக்கமாக வளைந்திருக்கிறது. வால் நுனியும் கொக்கியாக மடங்கியிருக்கிறது. கடையில் நீல மருந்தும் ஹீட்டரும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். ஹீட்டர் வேண்டவே வேண்டாம். இது மீனே அல்ல. தவளைக்குச் சொந்தக்கார நீர்வாழ் உயிர். மெக்சிகோ நகரத்துச் சொச்சிமில்கோ ஏரிதான் இதன் ஊர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், நம்ம பொதிகை உச்சியைவிட உயரம். 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் இதற்குச் சுகம். 24-ஐத் தாண்டினால் தவித்துப்போகும். நெல்லை வீட்டில் சும்மா வைத்த தொட்டியே அதைத் தாண்டிவிடும்.

நீங்கள் சொல்லும் வளைந்த செவுளும் மடங்கிய வாலும் பெரும்பாலும் நோயல்ல, தவிப்பு. காரணம் சூடாக இருக்கலாம், அம்மோனியாவாக இருக்கலாம், ஃபில்டர் தண்ணீரை வேகமாகத் தள்ளுவதாகவும் இருக்கலாம். எப்போதாவது மேலே வந்து காற்றுக் குடிப்பது அதன் வழக்கம். அடிக்கடி வந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை. செவுளில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படிந்தால் அது பூஞ்சை. அதற்கும் மருத்துவரைக் கேட்காமல் மீன் மருந்து ஊற்றக் கூடாது. அதன் தோல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும்.

முதலில் ஒரு தெர்மாமீட்டரும் தண்ணீர் சோதனை கிட்டும் வாங்குங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குளோரின் நீக்கிய தண்ணீரைத் தினமும் ஐந்தில் ஒரு பங்கு மாற்றுங்கள். ஐஸ் பாட்டிலை மூடியோடு மிதக்கவிட்டு, மெதுவாகக் குளிர வையுங்கள். கலர் கூழாங்கல் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். இரையோடு சேர்த்து விழுங்கிவிடும், வயிறு அடைத்துக்கொள்ளும். அப்புறமும் தேறவில்லை என்றால் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

தொட்டிமேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். சித்திரை வெயிலுக்கு அது காணாது, தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கருவிதான் வேண்டும். அதன் விலை பல ஆயிரம். விற்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, பணம். பில், வாட்ஸ்அப் பேச்சு, தெர்மாமீட்டரோடு தொட்டியின் படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கடைக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

இன்னொன்று. இந்த உயிர், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்பவர் மத்திய சுற்றுச்சூழல், வன அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கடைக்காரரிடம் அதற்கான காகிதம் கேளுங்கள். தராவிட்டால் அதையும் புகாரில் எழுதுங்கள்.