மொட்டைமாடி டிஷ்ஷும் வீட்டுக் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

செயற்கைக்கோள் தொலைக்காட்சியைச் செட்-டாப் பாக்ஸ் இல்லாமல், வீட்டுக் கணினி வழியாகவே பார்க்கவும் பதிவு செய்யவும் விரும்பும் வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறினுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே தனியார் டி.டி.எச். இணைப்பு இருக்கிறது. டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளை, டியூனர் கார்டு (செயற்கைக்கோள் சிக்னலைக் கணினிக்குள் வாங்கும் அட்டை) பொருத்திய கணினியில் செருகினால், நான் சந்தா கட்டும் சேனல்களைப் பதிவு செய்துகொள்ளலாமா? (வாசகர், மதுரை)

இயலாது. கேபிள் வழியாகச் சிக்னல் கணினிக்குள் வரும்; சேனல்களின் பெயர்ப் பட்டியல்கூடத் திரையில் தெரியும்; ஆனால் படம் வராது. கட்டணச் சேனல்கள் அனைத்தும் மறையாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி நிறுவனம் கொடுத்த பெட்டிக்குள்தான் இருக்கிறது; அதைக் கணினிக்கு மாற்றிக்கொள்ள நிறுவனங்கள் வழி தருவதில்லை. எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் பொதுவான செட்-டாப் பெட்டி வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020-இல் பரிந்துரைத்தது. ஆயினும் அப்படி ஒரு பெட்டியைக் கடையில் கேட்டு வாங்கும் நிலை இன்னும் வரவில்லை. சாவியை இணையம் வழியாகப் பகிர்ந்து தருவதாகச் சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை.

கணினியில் நேரடியாகப் பெறக்கூடியவை மறையாக்கம் இல்லாத இலவசச் சேனல்கள் மட்டுமே. நம் நாட்டில் அவற்றுக்கான முதன்மையான இடம், 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கி இப்போது டிடி ஃப்ரீ டிஷ் என்று வழங்கும் தூர்தர்ஷன் சேவை. இது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. உங்கள் தனியார் டிஷ் பெரும்பாலும் வேறு செயற்கைக்கோளை நோக்கியே பொருத்தப்பட்டிருக்கும். டாடா பிளே 83 டிகிரியிலும் ஏர்டெல் 108.2 டிகிரியிலும் இருக்கின்றன. ஆகவே டிஷ்ஷைத் திருப்ப வேண்டும், அல்லது இன்னொன்று வாங்க வேண்டும். செலவு செய்வதற்கு முன் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்களே மிகுதி. பொதிகை என்ற பெயரில் நாம் அறிந்திருந்த, 2024 ஜனவரி முதல் டிடி தமிழ் எனப்படும் சேனல் அதில் வருகிறது. தனியார் சேனல்களின் இடங்கள் ஏலத்தில் விடப்படுவதால் அந்தப் பட்டியல் அவ்வப்போது மாறும். நீங்கள் பதிவு செய்ய விரும்புவது தனியார் தமிழ்ச் சேனல்களின் தொடர்களை என்றால், இந்த ஏற்பாடு உங்களுக்கு ஏமாற்றத்தையே தரும்; உங்கள் நிறுவனத்தின் பதிவு வசதியுள்ள பெட்டியைக் கேட்டுப் பெறுவதே மேல்.

இரண்டாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட பழைய கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. அது இதற்குப் போதுமா? என்ன கார்டு, என்ன மென்பொருள் வாங்க வேண்டும்? (வாசகர், அம்பத்தூர்)

தாராளமாகப் போதும். அனலாக் காலத்து டிவி கார்டுகள் படத்தை வாங்கி எண்களாக மாற்ற வேண்டியிருந்ததால் அக்காலக் கணினிகள் திணறின. செயற்கைக்கோள் ஒளிபரப்பு ஏற்கெனவே சுருக்கப்பட்ட எண் ஓட்டமாகவே வந்து சேர்கிறது. பதிவு என்பது அந்த ஓட்டத்தை அப்படியே ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வைப்பது மட்டும்தான். பார்க்கும்போதுதான் செயலிக்குச் சற்று வேலை. ஃப்ரீ டிஷ்ஷில் உள்ள எம்பெக்-2, எம்பெக்-4 ஆகிய இரண்டு படச் சுருக்க முறைகளையும் உங்கள் செயலியில் உள்ள வரைகலைப் பகுதியே விரித்துக் கொடுத்துவிடும்.

கார்டு வாங்கும்போது பெட்டியின் மேல் டிவிபி-எஸ்2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். டிவிபி-டி, டிவிபி-சி என்று எழுதியவையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். முன்னது தரைவழி ஒளிபரப்புக்கும் பின்னது கேபிள் டிவிக்கும் உரியவை, டிஷ்ஷுக்குப் பயன்படா. உங்கள் மதர்போர்டில் உள்ள காலி இடம் பழைய பிசிஐ வகையா, பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் கார்டு மற்றொன்றில் நுழையாது.

விண்டோஸ் மீடியா சென்டர் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் அதைத் தேட வேண்டாம். விண்டோஸிலேயே இருக்க விரும்பினால் நெக்ஸ்ட்பிவிஆர் அல்லது மீடியாபோர்ட்டல் போதும். என்னைக் கேட்டால் லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவச் சொல்வேன். அது சிக்னலைப் பெற்று, பதிவு செய்து, வீட்டு நெட்வொர்க்கில் பரிமாறும் வேலையை மட்டும் செய்யும். பார்ப்பதற்கு, 2014 வரை எக்ஸ்பிஎம்சி என்று அழைக்கப்பட்ட கோடி மென்பொருளைத் தொலைக்காட்சியோடு இணைந்த எந்தச் சிறு கருவியிலும் வைத்துக்கொள்ளலாம். கேபிள் இறங்கும் மூலையில் கணினி, கூடத்தில் தொலைக்காட்சி என்று பிரித்து வைக்க இதைவிட வசதியான வழி இல்லை. லினக்ஸ் என்றால், வாங்கப்போகும் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறதா என்பதை வாங்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் தனியாகத் தரும் டிரைவர், ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பின்போதும் தொல்லை கொடுக்கும்.

எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். நானே டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன். கணினியில் சிக்னல் பட்டை 70 விழுக்காடு காட்டுகிறது, ஆனால் ஒரு சேனல்கூட வரவில்லை. யூடியூப் காணொளியில் காட்டிய கோணத்தில்தான் வைத்தேன். கிழக்கே அண்டை வீட்டுத் தென்னை மரம் வேறு நிற்கிறது. (வாசகர், தஞ்சாவூர்)

வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கார்டையும் மென்பொருளையும் சந்தேகிக்கின்றன; கோளாறோ பெரும்பாலும் மாடியில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் மூன்று செய்திகள் இருக்கின்றன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, அந்த 70 விழுக்காடு. மென்பொருள்கள் இரண்டு அளவுகளைக் காட்டும்: ஒன்று வலிமை, மற்றொன்று தரம். டிஷ்ஷின் முன் கரத்தில் இருந்து சிக்னலை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவியான எல்.என்.பி. தனக்குள் எழும் இரைச்சலையும் பெருக்கி அனுப்புவதால், வெற்று வானத்தை நோக்கி வைத்தாலும் வலிமைப் பட்டை நிமிர்ந்து நிற்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். தரம், அதாவது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், அசைகிறதா என்பதை மட்டும் கவனித்து டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் சில வினாடிகள் பொறுங்கள்.

இரண்டாவது, கோணம். நீங்கள் பார்த்தது வட இந்தியக் காணொளியாக இருந்திருக்கக்கூடும். ஜிசாட்-15 டெல்லியிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் சுமார் 52 டிகிரி உயரத்தில் இருக்கும். தஞ்சையிலிருந்து பார்த்தால் சுமார் 69 டிகிரி. திசையும் வேறு: வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எண்ணினால் தஞ்சைக்கு ஏறத்தாழ 126 டிகிரி, சென்னைக்கு 134, மதுரைக்கு 122, மூன்றும் தென்கிழக்கை ஒட்டியவை. கைப்பேசித் திசைகாட்டி போதும். ஆனால் இரும்புக் கம்பங்களிலிருந்தும் கான்கிரீட் கம்பிகளிலிருந்தும் விலகி நின்று அளக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீட்டு டிஷ்கள் ஆஃப்செட் வகையைச் சேர்ந்தவை என்பதால், டிஷ்ஷின் முகம் பார்க்கும் திசைக்கு மேலே சுமார் 24 டிகிரி தள்ளித்தான் அது சிக்னலைப் பெறுகிறது. ஆகவே 69 டிகிரிக்கு டிஷ்ஷின் முகத்தை ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்தால் போதும். 69 டிகிரிக்கே சாய்த்தவர்களுக்கு எதுவும் கிடைக்காது.

மூன்றாவது, தென்னை. இதை அறிய ஓர் எளிய வழி உண்டு. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 15-ஐ ஒட்டியும் செப்டம்பர் 28-ஐ ஒட்டியும், சில நாள்களுக்கு, காலை பதினொரு மணிக்கும் பதினொன்றே காலுக்கும் இடையில் சூரியன் உங்கள் ஊர் வானில் இந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கும் இடத்தில் முழு வெயில் விழுந்தால் வழியில் தடை ஏதும் இல்லை. மட்டையின் நிழல் விழுந்தால் அந்த மட்டை சிக்னலையும் மறைக்கும். (அந்தச் சில நிமிடங்களுக்குச் சூரியனின் சொந்த இரைச்சலால் ஒளிபரப்பு தடைபடுவதும் இயற்கையே, அப்போது எதையும் திருகிவிடாதீர்கள்.) அத்தனை உயரத்தில் செயற்கைக்கோள் இருப்பதால், மரம் மிக அருகில் இல்லாவிட்டால் பெரும்பாலும் இடையூறு இராது.

தரம் ஏறியதும் 11090 மெகாஹெர்ட்ஸ், செங்குத்து அலை, சிம்பல் ரேட் (தரவு வரும் வேகம்) 29500 என்று, பல சேனல்களைச் சேர்த்து அனுப்பும் அலைவழியான டிரான்ஸ்பாண்டரைக் கொடுத்துச் சேனல்களைத் தேடுங்கள். கிடைத்த பெயர்கள் தூர்தர்ஷனுடையவையா என்று பார்ப்பதும் அவசியம். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி, 91.5-லும் 95-லும் அண்டைச் செயற்கைக்கோள்கள் இருப்பதால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நம் வீடு என்று எண்ணிக்கொள்வது எளிது.

மடிக்கணினியில் யுஎஸ்பி டியூனர் வைத்திருக்கிறேன். சில டிரான்ஸ்பாண்டர்கள் நன்றாக வருகின்றன. சில வரவே இல்லை. டிஷ்ஷைத் திருத்தியும் பயனில்லை. (வாசகர், கோயம்புத்தூர்)

வராதவற்றின் பட்டியலை எழுதி, அவற்றுக்குள் பொதுவானது எது என்று பாருங்கள். எல்.என்.பி.க்கு மின்சாரம் கேபிள் வழியாகவே போகிறது: 13 வோல்ட் போனால் அது செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் போனால் கிடை அலைகளையும் பிடிக்கும். கிடை வகை மட்டும் வரவில்லை என்றால் உங்கள் டியூனரால் 18 வோல்ட் தர முடியவில்லை என்று பொருள். பழைய யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது அதிகம் போனால் இரண்டரை வாட்; எல்.என்.பி. 18 வோல்ட்டில் 200 மில்லி ஆம்பியர் எடுத்தாலே மூன்றரை வாட்டைத் தாண்டிவிடும். டியூனரோடு வந்த மின் அடாப்டரைப் பொருத்தாமல் விட்டிருந்தால் பொருத்துங்கள். கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டருக்குள் வலைக்கம்பி ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் இதே தொல்லை வரும்.

வராதவை எல்லாம் 11700 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை என்றால் காரணம் வேறு. யூனிவர்சல் எல்.என்.பி. கீழ்ப் பகுதிக்கு 9750, மேல் பகுதிக்கு 10600 என்று இரண்டு உள் அதிர்வெண்களை வைத்திருக்கிறது. 22 கிலோஹெர்ட்ஸ் தொனி ஒன்று கேபிளில் வந்தால்தான் மேல் பகுதிக்கு மாறும். 11090-இலிருந்து 9750-ஐக் கழித்து வரும் 1340 மெகாஹெர்ட்ஸ்தான் உங்கள் டியூனர் உண்மையில் கேட்பது. மென்பொருளில் எல்.என்.பி. வகையைத் தவறாகக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கே பிழையாகி, டியூனர் இல்லாத இடத்தில் தேடும். பழைய டிஷ்ஷோடு வந்த எல்.என்.பி.யைப் பயன்படுத்துபவர்கள், அதன் மேல் ஒட்டியுள்ள சீட்டில் இருக்கும் எண்களைப் படித்து அவற்றையே கொடுக்க வேண்டும்.

செய்திச் சேனல்களில் கீழே ஓடும் எழுத்துகள் விட்டு விட்டு நகர்கின்றன. கிரிக்கெட்டில் பந்தின் ஓரம் சீப்புப் பல் போலத் தெரிகிறது. வேறு கணினி வாங்க வேண்டுமா? (வாசகர், திருச்சி)

வேண்டாம். நம் ஒளிபரப்பு வினாடிக்கு 25 படங்கள். அதிலும் சாதாரணத் தரச் சேனல்களில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாக, வினாடிக்கு 50 பாதிகள் என்ற கணக்கில் வருகிறது. கணினியோ திரைக்கு வினாடிக்கு 60 முறை படம் அனுப்பும்படி அமைந்திருக்கும். 50-ஐ 60-இல் அடைக்கும்போது சில படங்கள் இருமுறை காட்டப்படுவதால் ஓடும் எழுத்து தயங்கித் தயங்கி நகர்கிறது. கோடியின் பிளேயர் அமைப்புகளில், படத்துக்கு ஏற்பத் திரையின் புதுப்பிப்பு வீதத்தை மாற்றும் வசதியை இயக்கி, திரை 50 ஹெர்ட்ஸுக்கு மாறுகிறதா என்று பாருங்கள். சீப்புப் பல்லுக்கு, இரண்டு பாதிகளையும் முழுப் படமாக்கும் டீஇன்டர்லேசிங் வசதியை இயக்க வேண்டும்.

கார்டில் டியூனர் ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வழி உண்டா? மழைக்காலத்தில் டிஷ்ஷுக்கும் கணினிக்கும் என்ன பாதுகாப்பு? (வாசகர், நாகப்பட்டினம்)

இரண்டு சேனல்களும் ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருந்தால் ஒரு டியூனரே போதும்; அந்த டிரான்ஸ்பாண்டரின் எல்லாச் சேனல்களும் ஒரே ஓட்டத்தில்தான் வருகின்றன, டிவிஹெட்எண்ட் அவற்றைப் பிரித்துத் தனித்தனிக் கோப்புகளாக எழுதிவிடும். வெவ்வேறு டிரான்ஸ்பாண்டர் என்றால் இரட்டை டியூனர் கார்டும், இரண்டு வாய் கொண்ட எல்.என்.பி.யும், இரண்டு கேபிளும் தேவை. இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்: வினாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் வரும் சேனல் மணிக்கு ஏறத்தாழ 1.35 ஜிபி பிடிக்கும்.

மழையைப் பொறுத்தவரை, இந்த ஒளிபரப்பு வரும் கேயூ அலைவரிசையைக் கனமழை உறிஞ்சிக்கொள்வதை யாராலும் தடுக்க முடியாது, 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. வைத்தால் பெறும் பரப்பு இரண்டேகால் மடங்காகி, வட கிழக்குப் பருவமழையில் தடைபடும் நேரம் கணிசமாகக் குறையும். கடலோர உப்புக்காற்றில் கனெக்டர்தான் முதலில் கெடும். அதன் மேல் ரப்பர் உறையையும் நீர் புகாத நாடாவையும் சுற்றி, கேபிளை வீட்டுக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கவிட்டு வளைத்துக் கொண்டுவந்தால் நீர் உள்ளே வழியாது. டிஷ் நிற்கும் இரும்புக் கம்பத்தைத் தடித்த கம்பியால் நிலத்தோடு இணைத்து எர்த் செய்யுங்கள். இடி மின்னல் தொடங்குவதற்கு முன்பே கேபிளைக் கார்டிலிருந்து கழற்றிவிடுங்கள்; இடி விழுந்துகொண்டிருக்கும்போது அந்தக் கேபிளைத் தொடக் கூடாது. கார்டின் பதிவுப் பட்டியலில் அன்றிரவுக்கு ஏதேனும் இருந்தால், அதை மறு ஒளிபரப்பில் பிடித்துக்கொள்ளலாம்.