கரையில் நின்று கேட்டவர்கள்

கேள்வி: நவம்பர் 26 வந்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறோம், வாட்ஸ்அப்பில் தாஜ் ஓட்டல் படம் போடுகிறோம். மும்பையில் நடந்ததற்குத் திருநெல்வேலிக்காரன் எதற்கு விழிப்பாக இருக்க வேண்டும்? அதற்குத்தானே போலீசும் கடற்படையும்?
- வாசகர், திசையன்விளை

பதில்: முதலில் அந்தப் படத்தை மாற்றுங்கள். 2008-ல் தீவிரவாதிகள் மும்பையைத் தாக்கியபோது பலியான 166 பேரில் 58 பேர் செத்தது சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில். மூட்டையும் பையுமாக ரயிலுக்குக் காத்துக் கிடந்த சனம். நம் ஊர் வழியாக நாகர்கோவிலில் இருந்து போகும் மும்பை ரயில் கடைசியாகப் போய் நிற்பதும் அங்கேதான். தாராவியில் ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத தெரு உங்கள் பக்கத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்.

அன்றைக்கு அந்த நிலையத்தின் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே, கூண்டுக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். ஓடிப்போகாமல், பின்வாசல் வழியாக வெளியே போங்கள் என்று மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர் கையில் இருந்தது வெறும் லத்தி. தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாப்பின் துப்பாக்கியைப் பிடித்த பிடியை, குண்டு பாய்ந்த பிறகும் அவர் விடவில்லை. கசாப் உயிரோடு சிக்கியது அதனால்தான். படம் போடுவதென்றால் இவர்கள் படத்தைப் போடலாம்.

சரி, விழிப்புக்கு வருவோம். அந்தக் கதையில் முதலில் செத்தது மீனவர்கள். கராச்சியில் இருந்து வந்த பத்துப் பேரும் 'குபேர்' என்ற குஜராத் படகைக் கடலில் மடக்கி, அதில் இருந்த ஐந்து பேரையும் கொன்றுவிட்டுத்தான் மும்பைக்கு வந்தார்கள். கொலாபா பக்கம் ரப்பர் படகு கரை தொட்டபோது, "யாருப்பா நீங்க?" என்று கேட்டதும் மீனவர்கள்தான். கேட்க ஆள் இருந்தது. அந்தக் கேள்வியை வாங்கிக்கொள்ள மேலே ஆள் இல்லாமல் போனது.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். கூடங்குளத்தில் அணு உலை இருக்கிறது. அவ்வப்போது 'சாகர் கவாச்' என்று ஒத்திகை நடக்கும்; போலீசாரே தீவிரவாதி வேடம் போட்டுப் படகில் வருவார்கள், போலீசாரே பிடிப்பார்கள், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். நடக்கட்டும், தப்பில்லை. ஆனால் பக்கத்து இடிந்தகரை, கூத்தங்குழி மீனவர்களைப் பார்த்து 'நீங்கள்தான் கடலின் காவலர்கள்' என்று பேசும்போதுதான் எனக்கு நாக்கு கூசுகிறது. உலை வேண்டாம் என்று போராடியதற்காக 2011-12-ல் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குப் போட்டது அதே கரையில்தானே? வழக்குக்குப் பயந்தவன் ஸ்டேஷன் படியேறி, "அய்யா, புதுப் படகு ஒன்று நிற்குது" என்று சொல்வானா?

இன்னொன்று. விழிப்பு என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் தாடியை முறைப்பவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையத்துக்காரர் என்றால் வீடு வாடகைக்கு இல்லை என்பார்கள். மும்பையில் செத்த ஒன்பது தீவிரவாதிகளின் உடலை எங்கள் கபர்ஸ்தானில் புதைக்க விடமாட்டோம் என்று மறுத்தது அந்த ஊர் முஸ்லிம்கள். அது இவர்கள் காதில் விழவே இல்லை.

திசையன்விளைக்கு உவரி பக்கம்தானே? கடலோரக் காவலுக்கு 1093 என்று ஒரு நம்பர் உண்டு. அடுத்த தடவை மீன் வாங்கப் போகும்போது, யாராவது அதற்குப் பேசியிருக்கிறார்களா, எடுத்தவர் என்ன சொன்னார் என்று கரையில் விசாரியுங்கள். கிடைத்த பதிலை எனக்கு எழுதுங்கள், போடுகிறேன்.