சொட்டும் குழாயும் இறங்காத தண்ணீரும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் குளியலறைக் குழாய் எந்நேரமும் சொட்டுகிறது. ஓராண்டில் மூன்று முறை வாஷர் மாற்றிவிட்டோம், பலனில்லை. குழாயே மட்டமானதா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: குழாயைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். கடலோர டெல்டாவில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. வாஷர் அமரும் பித்தளை விளிம்பில் அது வெள்ளைப் பொருக்காகப் படிந்து, நீங்கள் புதிதாகப் போடும் ரப்பரையும் சில வாரங்களில் அறுத்துவிடுகிறது. குழாய்க்குத் தண்ணீர் வரும் வழியை அடைக்கும் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, திருகாணி உருண்டு விழாதபடி வடிகால் துளையைத் துணியால் அடைத்த பிறகு, கைப்பிடியோடு சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றுங்கள். உள்ளே விரல்விட்டு விளிம்பைத் தடவினால் மணலைத் தொட்டதுபோல் நறநறக்கும். வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் அங்கே வைத்திருந்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பொருக்கு உதிரும். அதன் பிறகும் விரலில் பள்ளம் தட்டுப்பட்டால் குழாயை மாற்றிவிடுவதே நல்லது.

கழிப்பறை ஆசிட்டைக் குழாயில் ஊற்றும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு, வேண்டாம். அது பளபளப்புப் பூச்சை அரித்துவிடும் என்பதோடு, பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சிறு ஜன்னல் மட்டுமே உள்ள குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

கால் திருப்பில் திறந்து மூடும் குழாயாக இருந்தால் அதில் பெரும்பாலும் ரப்பர் வாஷர் இராது. உள்ளிருந்து தண்ணீரைத் திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் அதன் தலையிலுள்ள பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சொட்டுதானே என்று விட்டுவிடாதீர்கள்: ஒரு லிட்டர் குவளை ஒரு மணி நேரத்தில் நிரம்பினால், நாளொன்றுக்கு 24 லிட்டர் வீணாகிறது.

கேள்வி: ஃபிளஷ் டேங்கில் இரவெல்லாம் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கிறது. வெளியே கசிவு எதுவும் தெரியவில்லை.
– வாசகர், மன்னார்குடி

பதில்: டேங்கில் சொட்டு நீலம் சில துளிகள் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் காத்திருங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால், ஒன்று அடியிலுள்ள ரப்பர் பிடிக்கவில்லை, அல்லது தண்ணீர் மட்டம் அதிகமாகி நடுக்குழாய் வழியாக வழிகிறது. மூடியைத் திறந்து பார்த்தாலே எதுவென்று தெரிந்துவிடும். வழிந்தால் மிதவையைத் தாழ்த்தி, மட்டத்தை நடுக்குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள்.

கேள்வி: ஐப்பசி மழை பிடித்ததும் கழிப்பறையில் தண்ணீர் இறங்க மறுக்கிறது, கோடையில் இந்தத் தொல்லை இல்லை. தரையை உடைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் பிளம்பர்.
– வாசகர், கும்பகோணம் அருகே ஒரு கிராமம்

பதில்: டைல்ஸை உடைக்க அவசரப்படாதீர்கள். கழிப்பறையில் மட்டும் தேங்கினால் அடைப்பு அங்கேதான் இருக்கும். கழிவெல்லாம் ஒரே தொட்டிக்குப் போகும் வீட்டில் குளியலறைத் தண்ணீரும் சேர்ந்து தயங்கினால் குறை தொட்டியில் இருக்கிறது. வயல்களில் நீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிடுவதால், உறை இறக்கிய கழிவுநீர்க் குழி உறிஞ்சுவதற்கு மண்ணில் இடமே இருப்பதில்லை. கோடையில் தொல்லை இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதே இதற்குச் சான்று. லாரியை அழைத்து இறைத்தாலும் இப்போது முழுவதுமாகக் காலி செய்ய வேண்டாம். சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில் காலித் தொட்டி மேலெழும்பவோ விரிசல் விடவோ கூடும். முழுச் சுத்தத்தை மாசிக்குத் தள்ளிவையுங்கள். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம், உள்ளிருக்கும் வாயுவோ நொடியில் ஆளைச் சாய்த்துவிடும்.

கேள்வி: சென்னையில் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கித் திரும்பினால், குளியலறை முழுக்கச் சாக்கடை நாற்றம்.
– வாசகி, திருவையாறு

பதில்: தரை வடிகாலுக்கு அடியிலுள்ள வளைவில் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். அடுத்த முறை புறப்படும்போது தண்ணீர் ஊற்றிவிட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுச் செல்லுங்கள், சீக்கிரம் வற்றாது.