விலையை வெளியே சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

மதுரையில் சேலைக் கடை நடத்துகிறேன். கடைக்காரர்களின் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதி வருகிறேன். இந்த முறை வந்தவற்றில் பெரும்பாலானவை போனில் நடக்கும் வியாபாரம் பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

மூன்று தலைமுறையாகச் சுங்குடிச் சேலை வியாபாரம். இன்ஸ்டாகிராமில் பக்கம் ஆரம்பித்தேன். ஒரு ரீலை லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதில் விற்றது நாலே சேலை. என்ன குறை?
— வாசகி, சின்னாளப்பட்டி

உங்கள் பக்கத்தைப் பொறுமையாகப் பார்த்தேன். சரக்கில் ஒரு குறையும் இல்லை. சினிமாப் பாட்டு ஓடுகிறது, சேலையை விரிக்கிறீர்கள், மடிக்கிறீர்கள், ரீல் முடிகிறது. விலை இல்லை. எந்த ஊர் என்று இல்லை. கீழே ‘பிரைஸ்?’ என்று கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் ‘டிஎம் பண்ணுங்க’, அதாவது தனிச்செய்தியில் கேளுங்கள் என்று ஒரே பதில்.

வாங்க நினைத்தவர் முக்கால்வாசிப் பேர் அங்கேயே நழுவிவிடுவார்கள். டிஎம்மில் வந்து விலை கேட்டுவிட்டு, ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்ல நம் பெண்களுக்குக் கூச்சம். அதனால் கேட்பதே இல்லை. பக்கத்துக் கடைக்காரர் விலையைத் தெரிந்துகொள்வார் என்ற பயத்தில்தான் பலரும் மறைக்கிறார்கள். அவருக்குத் தெரிய வேண்டுமானால், ஒரு வாடிக்கையாளர் போலக் கேட்டு அரை நிமிடத்தில் வாங்கிவிடுவார். மறைப்பதால் நஷ்டப்படுவது நீங்கள் மட்டும்தான். சேலை விலை, தபால் செலவு உண்டா இல்லையா, ரவிக்கையோடு 6.2 மீட்டரா, ரவிக்கை இல்லாமல் 5.5 மீட்டரா — எல்லாவற்றையும் ரீலிலேயே எழுதுங்கள்.

அடுத்தது, எதைக் காட்டுவது. விரித்த சேலை எல்லாக் கடையிலும் இருக்கிறது. முடிச்சு உங்களிடம்தான் இருக்கிறது. நூலால் இறுக்கிக் கட்டிய முடிச்சுகளோடு சாயத்தில் முக்கி எடுத்து உலர்த்திய துணி, பார்க்க சொரசொரவென்று சுருண்டு கிடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், பொட்பொட்டென்று நூல் தெறித்து, அத்தனை முடிச்சும் வெள்ளைப் புள்ளியாக விரியும். அந்தச் சத்தத்தோடு படம் எடுங்கள். பாட்டே வேண்டாம். கட்டியவரின் விரலையும் காட்டுங்கள். அவர் சம்மதித்தால் முகத்தையும் காட்டுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இன்று சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி மெழுகுப் பிரிண்ட்டும் ஸ்கிரீன் பிரிண்ட்டும்தான். அதை விற்பதில் தவறில்லை. விலை குறைவு, தினப்படிக்கு நன்றாக உழைக்கும். ஆனால் பிரிண்ட்டைக் கைமுடிச்சு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால், மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் கிடைத்த புவிசார் குறியீட்டையே (ஊர்ப் பெயரைக் காக்கும் அரசுப் பதிவு) நாம் அவமதிக்கிறோம். ஒவ்வொரு பதிவிலும் ‘கைமுடிச்சு’ அல்லது ‘பிரிண்ட்’ என்று தெளிவாகப் போடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, புள்ளிகளில் என்ன வித்தியாசம் என்று காட்டும் ஒரு வீடியோ போடுங்கள். கையால் கட்டிய புள்ளி ஒன்றைப் போல ஒன்று இருக்காது, நடுவில் துளி சாயம் ஏறியிருக்கும், தொட்டால் சின்ன மேடு தட்டும். இதைச் சொல்லிக்கொடுத்த கடையை வாங்குபவர் மறக்கமாட்டார்.

நிறத்தில் கவனம். அரக்கு டியூப்லைட்டில் சிவப்பாகத் தெரியும். மயில்கழுத்து போட்டோவுக்குப் பிடிபடவே பிடிபடாது, அதை அசைத்துக் காட்டி வீடியோதான் எடுக்க வேண்டும். காலை வெளிச்சத்தில், மொட்டைமாடியில் நிழல் விழும் பக்கம் வைத்து எடுங்கள். ஃபில்டர் கூடாது. ‘போட்டோவில் பார்த்த கலர் இல்லை’ என்று திரும்பி வரும் பார்சல்தான் நம் லாபத்தைத் தின்கிறது. முதல் இரண்டு அலசலில் சாயம் விடும், கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவையுங்கள் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். சொன்னால் அது அக்கறை. சொல்லாமல் விட்டால் அதுவே புகாராக வரும்.

இனி அந்த நாலு பேர். லட்சம் பேரை விட எனக்கு அவர்கள்தான் முக்கியம். சேலை போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, ‘அக்கா, கட்டிப் பார்த்தீங்களா, சாயம் எப்படி இருக்கு?’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி கேளுங்கள். விற்கிற வரி ஒன்றும் அதில் வேண்டாம். ‘உங்க நம்பரைச் சேவ் பண்ணிக்கறேன், எங்க நம்பரையும் பண்ணிக்கோங்க, புதுசு வந்தா அனுப்பறேன்’ என்று அடுத்து கேளுங்கள். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அதனால் சேமிக்கச் சொல்லிக் கேட்பது அவசியம். கேட்காமல் யாரையும் குரூப்பில் இழுத்துப் போடாதீர்கள். எரிச்சலில் பிளாக் செய்வார்கள். பலர் பிளாக் செய்தால் எண்ணே முடங்கிப்போகலாம்.

கடலை மிட்டாய் செய்கிறோம். ‘ஊரே தேடி வந்து வாங்குது, போன்ல என்னத்த விக்கப் போற?’ என்கிறார் மாமனார். அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி?
— வாசகி, கோவில்பட்டி

மாமா சொல்வதில் பாதி உண்மை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு விளம்பரம் வேண்டாம். ஆனால் ‘கோவில்பட்டி’ என்று அச்சடித்த பாக்கெட் இன்று எங்கெங்கோ தயாராகிறது. சென்னையிலும் கோவையிலும் இருக்கும் உங்கள் ஊர்க்காரர் அதை வாங்கி ஏமாறுகிறார். அவருக்கு உங்கள் கடையின் எண் தெரியாது. மாமாவிடம் இந்தக் கோணத்தில் பேசிப் பாருங்கள். பெரியவர்களுக்கு விற்பனையை விடப் பெயர்தான் பெரிது.

அவரையே படம் எடுங்கள். பாகு பதம் பார்க்கும் கை, வறுத்த கடலையைத் தோல் நீக்கிப் புடைப்பது, வெல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் சொல்லும் காரணம் — இவற்றை அவர் குரலிலேயே, உங்கள் கரிசல் பேச்சிலேயே பதியுங்கள். எழுதிக் கொடுத்துப் பேசச் சொல்லாதீர்கள்.

காகித வேலைகளையும் முதலில் முடித்துவிடுங்கள். உணவுப் பொருளுக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். எடை, தயாரித்த தேதி, கெடு தேதி, விலை எல்லாம் வேண்டும். புவிசார் குறியீட்டு முத்திரையைப் போட நினைத்தால், நீங்கள் அதற்கான அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துநராகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஊரில் இருப்பதால் மட்டும் அந்த உரிமை வந்துவிடாது. வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் ஜிஎஸ்டி பற்றிக் கேட்டுவிடுங்கள். உள்ளூர் விற்பனைக்கு இருக்கும் வரம்பு அங்கே பொருந்தாது.

மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு மிட்டாய் நமுத்துப்போகும். காற்றுப் புகாமல் சீல் வைத்து ஒரு பாக்கெட்டை உங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கே கூரியரில் அனுப்பி, பிரித்துத் தின்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு விற்கலாம்.

பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார் ஒருவர். நம்பிப் பார்சல் போட்டுவிட்டேன். பணம் வரவே இல்லை. இதற்கு என்ன வழி?
— வாசகர், ஈரோடு

படித்ததும் மனது கஷ்டமாக இருந்தது. உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியுங்கள். பேசிய எண், ஸ்கிரீன்ஷாட், பார்சல் ரசீது மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். பார்சல் இன்னும் கைமாறாமல் இருந்தால் கூரியர் ஆபீசுக்கு நேரில் போய் நிறுத்தச் சொல்லுங்கள்.

இனிமேல் ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக நினைக்காதீர்கள். அதைப் போலியாகச் செய்து தரும் செயலிகளே இருக்கின்றன. உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து, பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பார்சலில் முகவரி ஒட்ட வேண்டும். கடையில் எல்லோருக்கும் இது ஒரே சட்டமாக இருக்கட்டும். ‘தவறுதலா அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்பதும் இதே ஏமாற்றுதான். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். இதை வேலைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள், மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒரு பிரபலம் எங்கள் கடையைப் பற்றி ரீல் போட 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், கும்பகோணம்

உங்கள் கடைக்கு வரக்கூடிய தூரத்தில் அவரைப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? அவரிடமே கேளுங்கள். எந்த ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள் என்ற கணக்கு அவருடைய போனில் இருக்கும். காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள். கொடுப்பதாக இருந்தால், அது காசு வாங்கிச் செய்யும் விளம்பரம் என்று அந்த ரீலிலேயே தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத்தான் சொல்கிறது. காசாகக் கொடுக்காமல் இலவசமாகப் பொருள் கொடுத்தாலும் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் அந்தப் பணத்தில் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தீபாவளிக்கு ஏதாவது செய்யுங்கள்.

மெஸ் நடத்துகிறேன். கூகுளில் ஒருவர் ‘சாம்பார் ஊசிப்போச்சு’ என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டார். அதை எடுக்க முடியுமா?
— வாசகர், திருச்சி

அவர் உங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர் என்றால் எடுக்க முடியாது, எடுக்க முயலவும் வேண்டாம். வராதவர் எழுதியது, வேறு கடையைப் பற்றியது, ஆபாசமாகத் திட்டியது என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம்.

பதில் எழுதுங்கள். கோபம் ஆறிய பிறகு, அதே நாளில். ‘அண்ணே, என்னைக்கு, மதியமா ராத்திரியா வந்தீங்க? அன்னைக்கு எந்த நேரத்துச் சாம்பார்னு பாக்குறேன். இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ — இவ்வளவு போதும். புது ஊரில் சாப்பாட்டுக்குக் கடை தேடுகிறவர் மோசமான ரிவ்யூவைத்தான் முதலில் படிப்பார். அதற்குக் கீழே கடைக்காரர் மரியாதையாகப் பேசியிருந்தால் துணிந்து உள்ளே வருவார். பிறகு நிஜமாகவே விசாரியுங்கள். மதியச் சாம்பாரை ராத்திரி வரை வைத்திருந்தார்களா என்று மாஸ்டரிடம் கேளுங்கள்.

‘நல்ல ரிவ்யூ போட்டால் ஒரு ஆம்லெட் இலவசம்’ என்று பலகை வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே எடுங்கள். ரிவ்யூவுக்குச் சலுகை கொடுப்பது கூகுள் விதிக்கு எதிரானது. அதைவிட, மெனு பலகையை விலையோடு தெளிவாகப் படம் எடுத்து உங்கள் பக்கத்தில் ஏற்றுங்கள். ஞாயிறு விடுமுறை, மதியம் எத்தனை மணிக்குச் சாப்பாடு முடியும் என்பதையும் சரியாக எழுதுங்கள். பூட்டிய கடைக்கு வெயிலில் நடந்து வந்தவர்தான் அடுத்த ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார்.

எங்கள் பூட்டிக் துணிக்கடையின் ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் ஆரம்பித்துக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். பாஸ்வேர்டு அவனிடம். வாட்ஸ்அப் எண்ணும் அவன் பெயரில் வாங்கிய சிம். என்ன செய்வது?
— வாசகி, சேலம்

முதலில் சண்டை போடாமல் அவரை அழைத்துப் பேசுங்கள். பாக்கிச் சம்பளம் ஏதாவது இருந்தால் அதை முதலில் கொடுத்துவிடுங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அவர் உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். பக்கத்தின் நிர்வாகியாக உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல், உங்கள் செல் எண். பிறகு பாஸ்வேர்டு மாற்றம், அதன்மேல் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் பூட்டு). சிம்மை உங்கள் பெயருக்கு மாற்ற இருவரும் ஆதாரோடு அந்தக் கம்பெனியின் கடைக்குப் போக வேண்டியிருக்கும். அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. மாதக்கணக்கில் கிடந்தால் எண் வேறொருவருக்குப் போய்விடும்.

எல்லாம் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. டிக்டாக்கை மட்டும் நம்பி விற்றவர்கள் ஒரே நாளில் வாடிக்கையாளர்களை இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் சேர்ந்து படுத்துவிட்டன. அதனால் ஒரு நோட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் பெயர், ஊர், எண், என்ன வாங்கினார், ரவிக்கை அளவு, எந்த நிறம் பிடிக்கும் — கையால் எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் வையுங்கள். கடை எண்ணைப் பையிலும் பில்லிலும் பெரிய எழுத்தில் அச்சடியுங்கள். அந்தப் பையனைப் போல இன்னொருவரை வேலைக்கு எடுத்தால், பதிவு போடும் உரிமையை மட்டும் கொடுங்கள். ஃபேஸ்புக்கில் அப்படித் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வசதி இருக்கிறது.