அவியலில் தயிர் திரிவதும் தண்ணீர் தேங்குவதும் ஏன்?

கேள்வி: வீட்டில் அவியல் செய்தால் பூசணியும் புடலையும் குழைந்துவிடுகின்றன, சேனை மட்டும் நறுக்கென்று நிற்கிறது. தயிர் ஊற்றியதும் திரிதிரியாகப் பிரிந்து அடியில் தண்ணீர் தேங்குகிறது. குக்கரில் ஒரு விசில் விட்டும் சரிவரவில்லை. கல்யாணப் பந்தியில் பரிமாறுவதுபோல் கெட்டியாகவும் காய் உடையாமலும் வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் குக்கரை ஒதுக்கிவிடுங்கள். அவியலில் சேரும் காய்கள் ஒன்றுபோல் வேகாது. சேனைக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், வெள்ளைப் பூசணிக்கு ஐந்து நிமிடம் போதும். இரண்டையும் ஒரே விசிலில் அடைத்தால் சேனை வேகும்போது பூசணி கரைந்திருக்கும். நடுவில் திறந்து பார்க்கவும் முடியாது. அடி கனமான, வாய் அகன்ற உருளியோ கடாயோ எடுத்துக்கொள்ளுங்கள். காய்கள் குவியாமல் பரவிக் கிடக்கும், நீரும் சீக்கிரம் வற்றும். ஈயம் பூசாத பித்தளையும் வெறும் இரும்பும் வேண்டாம், தயிரின் புளிப்புக்கு அவை ஆகாது.

நான்கைந்து பேருக்கு நறுக்கிய காய் எல்லாம் சேர்த்து 600 கிராம் போதும். சேனை 100 கிராம், வாழைக்காய் ஒன்று, முருங்கைக்காய் ஒன்று, கேரட் ஒன்று, பீன்ஸோ கொத்தவரங்காயோ ஒரு கைப்பிடி, வெள்ளைப் பூசணி 100 கிராம், புடலங்காய் சிறிது. உங்கள் அவியல் நீர்த்துப்போக இந்த விகிதமும் காரணமாக இருக்கலாம். பூசணி, புடலை, வெள்ளரி மூன்றிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இவை மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், நீங்கள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் அவியல் தளர்ந்துவிடும். கிழங்கும் வாழைக்காயும்தான் கெட்டித்தன்மை தருபவை, அவற்றைக் குறைக்காதீர்கள்.

பீட்ரூட் நிறத்தைக் கெடுக்கும், வெண்டைக்காய் வழுவழுப்பாக்கும், முள்ளங்கியின் வாசனை தேங்காயை அமுக்கிவிடும். இவற்றையும் தக்காளியையும் சேர்க்க வேண்டாம். கத்தரிக்காய் போட்டே ஆகவேண்டும் என்றால் இரண்டு பிஞ்சுகள் மட்டும். அதற்கு மேல் போனால் அவியல் சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

எல்லாக் காயையும் இரண்டு அங்குல நீளம், அரை அங்குலத் தடிமனில் நறுக்குங்கள். பூசணியை மட்டும் இன்னும் கொஞ்சம் தடிமனாக விடலாம். பொடியாக நறுக்கினால் கிளறும்போதே உடைந்து கூட்டாகிவிடும். வாழைக்காயை நறுக்கியதும் தண்ணீரில் போடுங்கள், கறுக்காது. சேனையின் அரிப்பு போகப் புளித்தண்ணீரிலோ மோரிலோ ஊறவைக்கும் வழக்கம் உண்டு. அப்படி ஊறவைத்தால் அடுப்பில் ஏற்றுமுன் இரண்டு தடவை நன்றாக அலசிவிடுங்கள். காயின் செல்களை ஒட்டிப்பிடித்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைவதால்தான் காய் மெத்தென்று ஆகிறது. புளிப்பு இருக்குமிடத்தில் அது எளிதில் கரையாது. சேனை நறுக்கென்று நிற்பதற்கு, நேரம் போதாததுபோலவே முன்கூட்டிச் சேர்ந்த புளிப்பும் காரணமாகலாம். மாங்காய், புளி, தயிர் எதுவானாலும் காய் பெரும்பாலும் வெந்த பிறகே சேர வேண்டும் என்பதும் இதனால்தான்.

இனி அடுப்பு. முக்கால் கப் தண்ணீர், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், அரைத் தேக்கரண்டி உப்புடன் சேனையை முதலில் போட்டு, மூடி, மிதமான தீயில் எட்டு நிமிடம் வேகவிடுங்கள். கொத்தவரங்காய் சேர்ப்பதானால் அதையும் இப்போதே போடுங்கள், அது லேசில் வேகாது. அடுத்து வாழைக்காய், முருங்கைக்காய், கேரட், பீன்ஸ். மூடி, இன்னும் ஏழு நிமிடம். கடைசியாகப் பூசணியும் புடலையும், கூடவே மீதி அரைத் தேக்கரண்டி உப்பும். உப்பு பட்டதும் பூசணி தானாக நீர் விடும். அந்த நீரே அதற்குப் போதும், மேலும் ஊற்றாதீர்கள். இங்கிருந்து மூடி வேண்டாம், ஐந்து நிமிடத்தில் எல்லாம் சேர்ந்து வெந்திருக்கும். கரண்டியால் துழாவாமல், பாத்திரத்தை இரு கையாலும் பிடித்துக் குலுக்கிவிடுங்கள். சேனைத் துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்தினால் பிளக்க வேண்டும், நசுங்கக் கூடாது.

இப்போது அடியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று பாருங்கள். அவியலின் தலையெழுத்து இங்கேதான் முடிவாகிறது. பாத்திரத்தைச் சாய்த்தால் இரண்டு மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் சேரக் கூடாது. கூடுதலாக இருந்தால் காயோடு வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், குழைந்துவிடும். அந்த நீரை வேறொரு பாத்திரத்தில் வடித்துத் தனியாகச் சுண்டவைத்துத் திரும்ப ஊற்றுங்கள். கொட்டிவிடவும் கூடாது, காயின் ருசி பாதி அதில்தான் இருக்கிறது.

அரைப்பதற்குத் துருவிய தேங்காய் ஒரு கப், பச்சை மிளகாய் நான்கு, சீரகம் ஒரு தேக்கரண்டி, கால் மணி நேரம் ஊறிய பச்சரிசி ஒரு தேக்கரண்டி. அரிசியை மட்டும் முதலில் மைய அரைத்துவிட்டு மற்றதைச் சேர்த்து, தண்ணீர் தெளித்துக் கொரகொரப்பாக எடுங்கள். தேங்காய் விழுதாகிவிட்டால் சுவை கூட்டின் பக்கம் சாய்ந்துவிடும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த குமரி மாவட்டத்தில் இதோடு சின்ன வெங்காயம் நான்கைந்து வைத்து ஒதுக்குவதும், அதாவது ஒன்றிரண்டாக அரைப்பதும் உண்டு. அடைக்குத் தொட்டுக்கொள்ளச் செய்யும் அவியலுக்கு அது நன்றாகவே பொருந்தும். அரைத்ததைக் காயின் மேல் பரப்பி, மூடி, சிறு தீயில் மூன்று நிமிடம் வைத்துப் பிறகு பக்குவமாகப் புரட்டுங்கள். அரிசியின் பச்சை வாசனை போகும், அடியில் நின்ற நீரும் கட்டிப்படும்.

தயிர் திரிவதற்கு மூன்று காரணங்கள்: அதிகப் புளிப்பு, அதிகச் சூடு, பிடித்துவைக்க மாவுப்பொருள் இல்லாமை. புளிப்பு ஏறிய தயிரில் புரதம் ஏற்கெனவே இறுகியிருக்கும். சூடு பட்டதும் அது இன்னும் சுருங்கி, தன்னிடமிருந்த நீரைப் பிழிந்து வெளியே விட்டுவிடும். நீங்கள் அடியில் பார்க்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதுதான். ஆகவே அன்று உறைந்த, ஆடை நீக்காத கெட்டித்தயிர் அரை கப் எடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். மேலே நீர் நின்றால் வடித்துவிட்டு, கட்டியில்லாமல் கடைந்துகொள்ளுங்கள். அடுப்பை அணைத்து, கொதி முழுக்க அடங்கிய பிறகு, இரண்டு நிமிடம் கழித்து ஊற்றிப் புரட்டுங்கள். தயிர் விட்ட அவியலை மறுபடி அடுப்பேற்ற வேண்டியதே இல்லை, பாத்திரத்தின் சூடு போதும். அரைத்த பச்சரிசி இங்கேயும் கைகொடுக்கிறது, அதன் மாவு தயிரின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரளாமல் தடுக்கும். மாங்காய் சேர்ப்பதானால் காய் முக்கால் வேக்காட்டைத் தாண்டியதும், பூசணியோடு போடுங்கள். அன்று தயிர் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் புளிப்பு மிஞ்சிவிடும்.

கடைசியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயைப் பச்சையாகவே சுற்றி ஊற்றி, இரண்டு கொத்துக் கறிவேப்பிலையை உள்ளங்கையில் கசக்கிப் போட்டு, பத்து நிமிடம் மூடி வையுங்கள். கடுகு தாளிக்க வேண்டாம். எண்ணெயைக் காய்ச்சினால் அந்த வாசம் ஆவியோடு போய்விடும். வேறு எண்ணெய் ஊற்றிச் செய்தால் சாப்பிடலாம், ஆனால் அது அவியல் ஆகாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தயிர் திரிந்துவிட்டால் பழையபடி சேர்க்க முடியாது, மறைக்கலாம். இரண்டு மேசைக்கரண்டி தேங்காயோடு அரைத் தேக்கரண்டி வறுத்த அரிசிமாவு வைத்து அரைத்துச் சூட்டோடு கலந்தால் பிரிந்த நீரை இழுத்துக்கொள்ளும். மிஞ்சிய அவியலை வெளியே வைக்காதீர்கள், தேங்காயும் தயிரும் சேர்ந்திருப்பதால் வெயில் காலத்தில் சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை மறுநாள் நேரடித் தீயில் காட்டாமல், கொதிநீர் உள்ள பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்துச் சூடாக்குங்கள்.