குண்டுக்குக் கணக்கில்லை, ரத்தத்துக்கு உண்டு

ஆபரேட்டர் அண்ணாச்சி பதில்கள்
(அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கொட்டகையில் புரொஜெக்டர் ஓட்டி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் சினிமா கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோடு ஒரு ராணுவப் படத்துக்குப் போனேன். யுஏ 13+ என்று போட்டிருந்தது. ஓயாமல் துப்பாக்கி வெடிக்கிறது, ஆட்கள் வரிசையாகச் சாய்கிறார்கள். ஆனால் ஒருவர் சட்டையிலும் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. சென்சாரில் வெட்டிவிட்டார்களா?
– ஒரு வாசகி, வள்ளியூர்

அடுத்த தடவை படம் தொடங்குமுன் காட்டுகிற சான்றிதழின் கீழ் மூலையைப் பாருங்க தாயி. முக்கோணம் போட்டிருந்தால் வெட்டு விழுந்திருக்கு என்று அர்த்தம். எது எது வெட்டு என்பது அதன் இரண்டாம் பகுதியில் இருக்கும். பிலிம் காலத்தில் சான்றிதழ் முதல் ரீலோடு வரும். கீழே விசில் பறக்கும்போது, போகஸ் சரிபார்க்கிற சாக்கில் நான் அந்த மூலையைத்தான் பார்ப்பேன். முக்கோணமும் இல்லை, ரத்தமும் இல்லை என்றால் கத்திரி கதை பேசுகிற அறையிலேயே விழுந்தாச்சு என்று வைத்துக்கிடுங்க.

எல்லாம் காசுதான். 'ஏ' வாங்கின படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, குறைத்து மறுசான்றிதழ் வாங்கணும். 18 வயசுக்குக் கீழே யாரையும் உள்ளே விடக்கூடாது. தீபாவளிக்கு ஜவுளி எடுக்க டவுனுக்கு வருகிற கூட்டம், பை கையுமாக அப்படியே தியேட்டருக்குள் நுழைகிற ஊர் இது. பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு எந்தத் தாய் உள்ளே வருவா? நம்ம மாநிலத்தில் இன்னொரு கட்டும் இருந்தது. 2011இல் வந்த விதிப்படி, தமிழில் பேர் வைத்தால் மட்டும் கேளிக்கை வரிவிலக்கு கிடையாது, எல்லா வயசுக்காரரும் பார்க்கலாம் என்கிற 'யு' சான்றிதழும் வேணும். வரியோ 30 சதவீதம். 2017இல் ஜிஎஸ்டி வரும் வரைக்கும் தயாரிப்பாளருக்கு 'யு' என்கிற எழுத்தே பெரிய லாபம். அப்போது போர்க்கதை சொல்லப் போன டைரக்டரிடம் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி எது என்று நான் சொல்லணுமா?

படப்பிடிப்பில் அது எப்படி இறங்கும் தெரியுமா? சுடுகிறவன் ஒரு ஷாட், விழுகிறவன் அடுத்த ஷாட். குண்டு உடம்பில் பாய்கிற அந்தக் கணம் எந்த ஷாட்டிலும் இருக்காது. முன்னெல்லாம் சட்டைக்கடியில் சாயப்பை வைத்து வெடிக்க விடுவார்கள். எடுத்தது எடுத்ததுதான், குறைக்க வழியில்லை. இப்போது ரத்தத்தைக் கம்ப்யூட்டரில் சேர்ப்பதால், எந்தச் சான்றிதழ் வேணுமோ அந்த அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். மீதியைப் புழுதியும் புகையும் மூடிவிடும். அலறலைக் குறைத்து, பாட்டை ஏற்றிவிட்டால் சோலி முடிஞ்சது.

அமெரிக்காக்காரன் மட்டும் என்ன? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கப்பல் தளத்தை ஜப்பான் தாக்கிய பேர்ல் ஹார்பர் தாக்குதலை வைத்து 1970இல் வந்த 'டோரா! டோரா! டோரா!' எல்லா வயசுக்குமான 'ஜி' வாங்கியது. அதே தாக்குதலை 2001இல் 'பேர்ல் ஹார்பர்' என்று எடுத்தபோது பிஜி-13க்குள் (13 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பெற்றவர்களை எச்சரிக்கிற சான்றிதழ்) அடங்குகிற மாதிரி காயங்களை மங்கலாக்கி வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் டிவிடியில் டைரக்டர் பதிப்பு வந்தது, விட்டுப்போன ரத்தத்தோடு. அதற்கு அதைவிடக் கடுமையான 'ஆர்', சின்னப் பிள்ளைகள் பெரியவர் துணையோடுதான் பார்க்கணும். செத்த கணக்கு ரெண்டிலும் ஒண்ணுதான்.

கேள்வி: அப்படியானால் போரை உள்ளபடி காட்டுகிறவர் நஷ்டப்பட்டே ஆக வேண்டுமா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், பேட்டை

அவசியமில்லை தம்பி. ஆனால் பேர் பெரிசா இருக்கணும். 1998இல் 'சேவிங் பிரைவேட் ரயன்' கடற்கரைச் சண்டையில் கை போனவன் கையைத் தேடுகிறதைக் காட்டினார் ஸ்பீல்பெர்க். 'ஆர்' வாங்கியும் வசூல் கொட்டியது. நம்ம நாட்டில் வெட்டச் சொன்னார்கள், அவர் முடியாது என்றுவிட்டார். உள்துறை அமைச்சராக இருந்த அத்வானி படத்தைப் பார்த்த பிறகுதான் வெட்டில்லாமல் வெளியானது. அவ்வளவு பெரிய படத்தையே 2004இல் அமெரிக்காவில் 60க்கும் மேற்பட்ட டிவி நிலையங்கள் அபராதத்துக்குப் பயந்து ஒளிபரப்பவில்லை. நம்ம ஊர்ப் புது டைரக்டருக்காக எந்த மந்திரி உட்கார்ந்து படம் பார்ப்பார்?

இன்னொரு பெரிய டைரக்டர் நோலன் வேற வழியில் போனார். 2017இல் வந்த அவருடைய போர்ப்படம் 'டன்கிர்க்' பிஜி-13தான். ரத்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு தண்ணீரையும் சத்தத்தையும் வைத்தே நெஞ்சை அடைக்க வைத்தார். கட்டுப்பாட்டையே கருவியாக்கத் தெரிந்தவருக்குச் சரி. எல்லாருக்கும் அது வராது. வராதவர்கள் கையில் போர் பொங்கல் விளையாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிடுகிறது. வலியைக் காட்டுகிற படத்துக்குப் பையன்களை விடமாட்டோம், வலியே இல்லாமல் ஆளைச் சாய்க்கிற படத்துக்குப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்து அனுப்புவோம். எனக்கு இது பிடிக்கவே இல்லை.

இன்னொரு கூத்தும் கேளும். பாக்தாத்தில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களைப் பற்றி 2005இல் 'கன்னர் பேலஸ்' என்று ஓர் ஆவணப்படம் வந்தது. சிப்பாய்கள் பேசிய கெட்டவார்த்தைக்காக 'ஆர்' கொடுத்தார்கள். 17 வயசு ஆகாதவன் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக்கூடாது. ஆனால் 17 வயசில் அப்பா அம்மா கையெழுத்துப் போட்டால் அங்கே பட்டாளத்திலேயே சேரலாம்! எடுத்தவர்கள் மேல்முறையீடு செய்து பிஜி-13 வாங்கினார்கள்.

கேள்வி: யுஏ 16+ படத்துக்கு 12 வயசுப் பேரனைக் கூட்டிப்போனால் தடுப்பார்களா?
– பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு தாத்தா

தடுக்கமாட்டாங்க அய்யா. 2023 சட்டத்திருத்தத்தில் வந்த 7, 13, 16 மூன்றும் பெற்றவர்களுக்கான யோசனைதான். 'ஏ' மட்டும்தான் வாசலில் நிறுத்தும்.

கேள்வி: எங்கள் ஊரில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதை இன்றைக்கு அப்படியே படமாக்க முடியுமா?
– ஒரு வாசகர், கயத்தாறு

1799 அக்டோபர் 16, புளியமரம். யாரும் தடுக்கப் போவதில்லை. குதிரைக்கு விலங்கு நல வாரியத்திடம் அனுமதி வாங்கணும், அந்த அலைச்சலுக்குப் பயந்து பாதிக் குதிரை கம்ப்யூட்டரில் பிறக்கும். தூக்குக் காட்சியில் கயிறு கழுத்தில் விழுந்ததும் கேமரா ஜனங்க முகத்துக்குப் போனால், என் கணக்கில் 13+. கால் துடிக்கிறதை ரெண்டு வினாடி காட்டினால் 16+, அதுவும் கொஞ்சம் வாதாடி. அந்த ரெண்டு வினாடிக்காகத் தயாரிப்பாளரோடு மல்லுக்கட்டுகிற டைரக்டர் வரட்டும், முதல் ஷோவுக்கு நான் வாறேன்.