காது, வாய், அப்புறம் நோட்டு: தொடக்கப் பள்ளி ஆங்கிலம் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்புக்கும் ஆங்கிலம் எடுத்தவள். அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

கேள்வி (மூன்றாம் வகுப்பு ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்): பாடத்தை மளமளவென்று வாசிக்கிறார்கள். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினால் முழிக்கிறார்கள். ஏன் டீச்சர்?

பதில்: அவர்கள் வாசிக்கவில்லை, ஒப்பிக்கிறார்கள். அடுத்த முறை கோரஸாகப் படிக்கும்போது வாயைக் கவனிக்காமல் விரலைக் கவனியுங்கள். வாய் நான்காவது வரியில் இருக்கும், விரல் இரண்டாவது வரியில் ஊர்ந்துகொண்டிருக்கும். சில பிள்ளைகளுடைய விரல் படத்தின் மேலேயே இருக்கும். நடுவில் நிறுத்தி, "இந்தச் சொல் என்ன?" என்று கேட்டால், பாடத்தை முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்து அந்தச் சொல்லுக்கு வருவார்கள். அந்த உழைப்பைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. 'க' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. எழுத்து தெரிந்துவிட்டால் 'கடல்' தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் சி, ஏ, டி என்று மூன்று பெயர்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை 'கேட்' என்று வாசிக்கச் சொல்கிறோம். 'சியேடி' என்று வாசிக்கும் பிள்ளைதான் நாம் சொன்னதை நம்பிய பிள்ளை. 26 எழுத்துகள்தான், ஆனால் அவை சுமக்கும் ஒலிகள் ஏறக்குறைய 44. எனவே பெயருக்கு முன் ஒலியைக் கொடுங்கள்.

அகர வரிசையில் போக வேண்டாம். எஸ், ஏ, டீ, பீ, ஐ, என் (s, a, t, p, i, n) என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகளை முதலில் எடுங்கள். இந்த ஆறை வைத்தே ஸிட், டின், பின், டிப், பேன் என்று ஒரு கை நிறையச் சொற்கள் கூட்டலாம். இரண்டாவது வாரத்திலேயே பிள்ளை தானாக ஒரு சொல்லை வாசித்துவிடும். அதுவரை வாயைத் திறக்காத பிள்ளையும் அன்று எழுந்து நிற்கும். அகர வரிசையில் இசட் வரும்வரை காத்திருந்தால் அரையாண்டுத் தேர்வே வந்துவிடும். 'த', 'வாஸ்', 'ஸெட்', 'ஒன்' போன்றவை ஒலிக்கணக்குக்கு அடங்காதவை. அவற்றை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி, போகும்போதும் வரும்போதும் தொட்டுச் சொல்ல வையுங்கள். அவற்றை மட்டும் பார்த்துப் பழகினால் போதும்.

கேள்வி (இரண்டாம் வகுப்பு மாணவனின் அப்பா, விருதுநகர்): பையன் பந்தைக் குறிக்கும் 'பால்' (ball) என்பதற்கு வலப்பக்கம் வயிறு போட வேண்டிய எழுத்தை இடப்பக்கம் போட்டு 'டால்' ஆக்கிவிடுகிறான். ஏதாவது குறைபாடா மேடம்?

பதில்: பயப்படாதீர்கள் சார். ஏழு வயதுவரை இது மிகச் சாதாரணம். குவளையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் குவளைதான் என்று கற்றுக்கொண்டு வந்த பிள்ளையிடம், திருப்பினால் வேறு எழுத்து என்கிறோம். பழக நாள் பிடிக்கும்.

இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லித்தர வேண்டாம். ஒன்று கை பழகிய பிறகு மற்றது. எழுதும் விதத்தையும் பிரியுங்கள்: 'பால்' எழுத்துக்கு முதலில் மேலிருந்து கோடு, பிறகு வயிறு. 'டால்' எழுத்துக்கு முதலில் சி போல வளைவு, பிறகு கோடு. நான்கு கோடு நோட்டில் எழுதுவதற்கு முன் மணலிலோ தரையில் சாக்பீஸாலோ பெரிதாக எழுதட்டும். எட்டு வயது தாண்டியும் எழுத்து திரும்பி வந்து, தமிழ் வாசிப்பும் தடுமாறினால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அதன்பின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி (ஆசிரியர், தஞ்சாவூர்): பன்றிக்கும் 'பிக்', பெரியதுக்கும் 'பிக்'. கேட்டால் ஒரே மாதிரி இருக்கிறது. எத்தனை முறை திருத்தினாலும் வரவில்லை.

பதில்: பிள்ளையின் வாய்க்கு இரண்டு ஒலியும் ஏற்கெனவே வரும் சார். தமிழில் இரண்டுக்கும் 'ப' ஒன்றே எழுத்து என்பதால் காது பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

'பம்பரம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள், தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு. முதல் 'ப'வுக்கு உதடு மூடியிருக்கும்போது தொண்டை சும்மா இருக்கும். 'ம்'முக்குப் பின் வரும் 'ப'வில் அதிர்வு விடாமல் ஓடும். முதலாவது பன்றியின் ஒலி, இரண்டாவது பெரியதன் ஒலி. இதைக் கண்டுபிடித்ததும் வகுப்பு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பம்பரம் பம்பரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும், விட்டுவிடுங்கள். 'கங்காரு', 'தந்தை' இரண்டையும் இதே போல் பயன்படுத்தலாம்.

பிறகு இரண்டு படம். நீங்கள் சொல்ல, பிள்ளை தொட்டுக் காட்டட்டும். காது பிரித்த பிறகு அவர்கள் சொல்ல, நீங்கள் தொடுங்கள். அவர்கள் சொன்னது எப்படிக் கேட்டதோ அதையே தொடுங்கள், அவர்கள் நினைத்ததை ஊகித்துத் தொடாதீர்கள். "ஐயோ டீச்சர், அது இல்லை" என்று தானே திருத்திச் சொல்வார்கள்.

இதோடு பலர் கேட்டிருந்த 'புக்கு', 'கப்பு', 'கேட்டு' விஷயம். வல்லின மெய் சொல்லின் கடைசியில் வராது என்று நாமே இலக்கண வகுப்பில் படித்ததுதான். அதனால் நாக்கு ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 'கப்' சொல்லி உதட்டைத் திறக்காமல் நிற்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் இதைத் துரத்த வேண்டாம். பேசவே வராத வயதில் உச்சரிப்பை நோண்டினால் பேச்சே நின்றுவிடும்.

கேள்வி (ஆசிரியை, திருப்பூர்): பனியன் கம்பெனி வேலைக்கு வந்த ஒடிசா குடும்பத்துப் பிள்ளை என் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வது அக்கா?

பதில்: தங்கச்சி, உங்கள் வகுப்பில் அவளும் மற்றவர்களும் சமமாக நிற்கக்கூடிய ஒரே பாடவேளை ஆங்கிலம்தான். மற்ற எல்லாப் பாடத்திலும் தமிழ் தெரிந்த பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். இதில் எல்லோருக்கும் புது மொழி. அந்த வாய்ப்பை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், தமிழில் விளக்கி அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

கட்டளை விளையாட்டில் தொடங்குங்கள். 'ஸ்டாண்ட் அப்', 'டச் யுவர் நோஸ்', 'கோ டு த டோர்', 'கிவ் த பென்சில் டு…' என்று சொல்லி நீங்களே செய்து காட்டுங்கள். பிள்ளைகள் செய்தால் போதும், பேச வேண்டாம். ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் முன்வைத்த முறை இது. குழந்தை பேசுவதற்கு முன் பல மாதம் கேட்டுக் கேட்டு உடம்பால் பதில் சொல்கிறது அல்லவா, அதே வரிசையில் இரண்டாவது மொழியையும் கொடுக்கலாம் என்றார். வாய் பேசாமலேயே அவள் எல்லாம் புரிந்துகொள்வதை மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள். விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்வார்கள், தமிழ் அந்த வழியாக வந்துவிடும்.

அவள் பல வாரம் பேசாமல் இருக்கலாம். பேசு பேசு என்று நெருக்க வேண்டாம். ஒருநாள் அவளை ஒடிய மொழியில் ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லி, வகுப்பைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். உங்களுக்கும் வராது, வகுப்புக்கும் வராது. அவளுக்கு மட்டும் வரும்.

கேள்வி: 'ஐ கோ டு ஷாப் எஸ்டர்டே' என்கிறாள் என் மாணவி. உடனே திருத்தலாமா, விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். "ஓ, யூ வென்ட் டு த ஷாப்! வாட் டிட் யூ பை?" என்று கேளுங்கள். சரியான வாக்கியம் அவள் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் அறுபடவில்லை. "ஐ பை சாக்லேட்" என்பாள். "யூ பாட் எ சாக்லேட்? வாஸ் இட் நைஸ்?" நான்கைந்து பேருடைய பேச்சில் அதே தவறு வந்தால் மட்டும், மறுநாள் யார் பெயரும் சொல்லாமல் பலகையில் எடுத்துப் பேசுங்கள். 'எ', 'த' இரண்டும் தமிழில் இல்லாதவை, அவை பிடிபட ஆண்டுகள் ஆகும். தேர்வுத் தாளில் அதற்காகச் சிவப்பு மையை வாரி இறைக்காதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எனக்கே சரளமாகப் பேச வராது. தமிழ் வழியில் படித்தவள். என்னால் எப்படி ஆங்கிலம் எடுக்க முடியும்?

பதில்: முடியும் அம்மா. வகுப்புக்குத் தேவைப்படும் ஆங்கிலம் சிறியது. 'ஓபன் யுவர் புக்ஸ்', 'ஹூ இஸ் ஆப்சென்ட் டுடே?', 'கம் அண்ட் ரைட் இட்', 'வெரி குட், ஸே இட் அகைன்' என்று இருபது வாக்கியம் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். தினமும் அதே வாக்கியம், அதே சொற்கள். ஒருநாள் 'ஓபன்', மறுநாள் 'டேக் அவுட்' என்று மாற்ற வேண்டாம். ஒரு மாதத்தில் பிள்ளைகளே அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கதையைத் தமிழில் சொல்லி, முக்கியமான நான்கு சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் நுழைப்பதும் நல்ல பாடம்தான். தமிழ் வழியில் படித்த ஆசிரியைக்கு ஒரு பலம் உண்டு: பிள்ளை எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரியும்.

கேள்வி (அம்மா, கடலூர்): நான் எட்டாவது வரைதான் படித்தேன் டீச்சர். பாப்பா ஆங்கில வழிப் பிரிவில் படிக்கிறாள். வீட்டில் நான் என்ன சொல்லித்தர முடியும்?

பதில்: சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள். இன்று பள்ளியில் என்ன பாட்டு, பாடிக் காட்டு என்று கேளுங்கள். சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட், பஸ் போர்டில் அவளுக்குத் தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். அவள் உங்களுக்கு டீச்சராக இருக்கட்டும். அதைவிட முக்கியம், தினமும் ஒரு தமிழ்க் கதையை அவளோடு சேர்ந்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தபிறகு, தமிழை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பல வீடுகளில் வந்துவிட்டது. நான் பார்த்தவரை, தமிழைத் தடையின்றி வாசிக்கும் பிள்ளைதான் ஆங்கில வாசிப்பையும் சீக்கிரம் பிடிக்கிறது. எழுத்தைப் பார்த்து ஒலியாக்கிப் பொருள் கொள்ளும் வித்தையை ஒரு மொழியில் கற்றால் போதும், அடுத்ததற்கு அது கூடவே வரும்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளியில் தமிழில் பேசினால் அபராதம், கழுத்தில் அட்டை. இது சரியா?

பதில்: சரியில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. எட்டு வயதுப் பிள்ளையின் கழுத்தில் அட்டை மாட்டுவது வேறென்ன? அப்படிப்பட்ட பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆங்கிலம் பேசக் கற்கவில்லை, பேசாமல் இருக்கக் கற்றிருந்தார்கள். நாலு பெற்றோர் சேர்ந்து போய் எழுத்தில் கொடுங்கள்.

கேள்வி (ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர், தர்மபுரி): ஒன்று, இரண்டு, மூன்று வகுப்பும் ஒரே அறையில். ஆங்கிலத்துக்கு ஒரு பாடவேளை. எப்படிப் பிரிப்பது?

பதில்: முதல் கால் மணி நேரத்தைப் பிரிக்கவே வேண்டாம் ஐயா. பாட்டு, கட்டளை விளையாட்டு, கதை எல்லாம் மூவருக்கும் பொது. பிறகு வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து உட்கார வையுங்கள். 2022-23இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததே இதற்காகத்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் உட்காருவதில் வெட்கப்படும். அவனுக்கு அங்கே அட்டை கொடுப்பது, பென்சில் வாங்குவது என்று ஒரு பொறுப்பு கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பெல்லிங் தவறினால் பத்து முறை எழுத வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மூன்றாவது முறையிலேயே கை மட்டும் எழுதும். சில பிள்ளைகள் முதல் எழுத்தைப் பத்து வரியிலும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, அடுத்த எழுத்துக்குப் போவார்கள். பார், மூடு, எழுது, திறந்து சரிபார் என்று இரண்டு முறை செய்தால் போதும். தவறிய எழுத்தை மட்டும் பிள்ளையே வட்டமிடட்டும்.